சாதுப் புகையிலை

சிதம்பரத்தில் மேல வீதியை ஒட்டிய ஒரு சந்துக்குள் சடையப்பனின் வெற்றிலை பாக்குக் கடை இருந்தது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சடையப்பன் கடை என்றால் ஆட்டோக்காரரிலிருந்து பல்கலைக்கழக குமாஸ்தா வரை எல்லோருக்கும் தெரியும். வெற்றிலையும் சீவலும் எங்கேயும்தான் கிடைக்கின்றன. இவரிடம் வருகிறவர்கள் புகையிலைக்காக வந்தார்கள். புகையிலைக்காக என்பதைவிட, அவர் வாயிலிருந்து வரும் தீர்ப்புக்காக என்று சொல்வதுதான் சரி.

வேதாரண்யத்திலிருந்து புகையிலைக் கட்டு வந்து இறங்கியதும் ஓரத்தில் ஒரு கிள்ளு கிள்ளுவார். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்ப்பார், முகர்வார், கீழுதட்டுக்குள் ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். கட்டு கொண்டுவந்த ஆள் பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கைகட்டி நிற்க வேண்டியதுதான். கண்ணைத் திறந்தால் ஒரே ஒரு சொல் வரும். 'பேய்' என்றால் காரம் தலையைச் சுற்ற வைக்கும். 'வாயாடி' என்றால் வைத்ததும் ஒரே ஆர்ப்பாட்டம், அப்புறம் ஒன்றுமில்லை. 'ஊமை' என்றால் வாசனையற்ற வெறும் இலை. 'சாது' என்றால் காரம் குறைவு, வாசனை நிதானம், புதிதாகப் போடுகிறவருக்கும் குமட்டாது. நடவுக் காலத்தில் குமராட்சிப் பக்கமிருந்து மினி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் "அண்ணே, பேய் இருக்கா?" என்று கேட்டு வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் வம்பில்லை. புகையிலைக்கு வைத்த பெயர்களையே மனுஷன் மனிதர்களுக்கும் வைத்தார். புதிதாக வந்த பேங்க் மேனேஜர் ஊமை. எதிர்க்கடை ஜவுளிக்காரர் வாயாடி. புவனகிரியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சொந்த அண்ணன், சந்தேகமில்லாமல், பேய். ஊரும் இதை ரசித்தது. ஒருவரை நம்பலாமா கூடாதா என்று குழப்பம் வந்தால், "சடையப்பன் என்னா சொன்னாரு?" என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்த்தது. அவர் மனைவி புஷ்பவள்ளிக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து எந்தப் பெயரும் வைக்கவில்லை. "என்னைய என்னான்னு சொல்வீங்க?" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்த அளவுக்குத் துணிச்சல் அவருக்கு இல்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜெயப்பிரகாஷ். இன்ஜினீயரிங் முடித்துவிட்டு மெட்ராஸில் ஒரு கம்பெனியில் இருந்தான். 2007 பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, "அப்பா, ஜான்சின்னு ஒரு பொண்ணு. என்கூடப் படிச்சவ. கடலூர் ஓல்டு டவுன்ல இருக்காங்க, இப்ப ஸ்கூல்ல டீச்சர்" என்றான். மேற்கொண்டு சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பெயரே சொல்லிவிட்டது, வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவக் குடும்பம் என்று.

"வேணாம்" என்றார் சடையப்பன். அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது, குலதெய்வத்துக்கு யார் பொங்கல் வைப்பது, நாளைக்கு ஒரு விசேஷம் என்றால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்று வரிசையாக அடுக்கினார்.

ஜெயப்பிரகாஷ் சண்டை போடவில்லை. "ஒங்க சம்மதம் இல்லாம கட்ட மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். அதன்பிறகு ஊருக்கு வரவில்லை. போன் வரும், ஆனால் அம்மாவுக்கு மட்டும். புஷ்பவள்ளி செல்போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்கும். கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சடையப்பனுக்கு வயிறு எரியும். கோபம் என்று அவர் வெளியில் சொல்லிக்கொண்டார். அது ஏக்கம். பிள்ளை குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்கத்தான் வழி தெரியவில்லை. சடையப்பன் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே பேசுகிறது. அந்தப் பெயரை இறக்கி வைக்கிற இடம் அவருக்குத் தெரியவில்லை.

வைகாசி பிறந்ததும் கடலூரிலிருந்து ஆள் மூலமாகச் சேதி வந்தது. பெண்ணின் அப்பா ஞானசேகரன் சொல்லியனுப்பியிருந்தார்: முடிவு எதுவாக இருந்தாலும் சரி, ஒரு தடவை வீட்டுக்கு வந்து முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள்.

"போன்ல சொல்லிக்கலாம்" என்றார் சடையப்பன்.

"அந்தப் பொண்ணு நமக்கு என்னா கெடுதல் பண்ணிச்சு, போன்ல சொல்றதுக்கு? வேணாம்னா வேணாம்னு நேருல போயி சொல்லிட்டு வாங்க. நான் வரல. என் வாயால அதச் சொல்ல முடியாது" என்றாள் புஷ்பவள்ளி.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகவே கிளம்பினார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, மனசுக்குள் ஒரே வாக்கியம். புதுச்சத்திரம் தாண்டும்போதும் ஆலப்பாக்கம் தாண்டும்போதும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "மன்னிச்சுக்குங்க, எங்களுக்குச் சரிப்பட்டு வராது." வார்த்தை மரியாதையாகவும் இருந்தது, கதவைச் சாத்தியது மாதிரியும் இருந்தது. இன்னொரு தீர்மானமும் செய்திருந்தார். அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் பேசப்போன இடத்தில் சாப்பிட்டாலோ குடித்தாலோ பாதி சம்மதம் என்றுதான் அர்த்தம். வேண்டாம் என்று சொல்லப் போகிற வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூட ஆகாது.

ஞானசேகரன் கப்பலில் சமையல்காரராக வெகுகாலம் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மெல்லிய உடம்பு, அதைவிட மெல்லிய குரல். கப்பல் அவருக்குக் கொடுத்த ஒரே கெட்ட பழக்கம் பைப்பில் புகை பிடிப்பது. அதனால் தெருவில் அவருக்குப் 'பைப்பு' ஞானசேகரன் என்று பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் குழாய் ஒழுகுகிறது என்று அவர் வாசலில் வந்து நிற்பதும் நடந்திருக்கிறது. கறுத்த இலையாக, நல்ல காரமாகப் பிடித்துப் பழகியவர். டாக்டர் விட்டே ஆக வேண்டும் என்று சொல்லிவிட, இவர் தன்னோடு தானே பேரம் பேசி, காரம் குறைந்ததாக மாற்றிக்கொள்கிறேன் என்று முடித்திருந்தார். கூட வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து அப்படி ஒரு மைல்டு ரகத்தில் டப்பா ஒன்று அனுப்பி, எப்படி இருக்கிறது என்று எழுது, பிடித்தால் இன்னும் அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தார். ஞானசேகரனும் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார், ஒன்றும் விளங்கவில்லை.

அந்த டப்பாப் புகையிலை ஈரமாக இருக்கும். அப்படியே பைப்பில் அடைத்தால் சரியாகப் பற்றாது. அதனால் ஒரு கைப்பிடியை எவர்சில்வர் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் டீப்பாயில் ஆறவைப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வருகிறார் என்று அவர் மனைவி ஆரோக்கியம்மாள் பைப்பைப் பிடுங்கி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டு, வெற்றிலை பாக்கு சுண்ணாம்பு எல்லாம் ஒரு தட்டில் அழகாக அடுக்கி அதே டீப்பாயில் வைத்தாள். பக்கத்தில் இருந்த இன்னொரு தட்டை அவள் கவனிக்கவில்லை.

சடையப்பன் வந்தார், உட்கார்ந்தார்.

"காபி எடுத்தாரட்டுமாண்ணே?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

"வேணாங்க. இப்பதான் குடிச்சேன்."

"வெயில்ல வந்துருக்கீங்க. மோராவது..."

"ஒண்ணும் வேணாங்க."

ஆரோக்கியம்மாள் முகம் விழுந்துவிட்டது. கோயில் வேறாக இருக்கலாம், ஊர் வழக்கம் ஒன்றுதானே. காபி வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

வெளியில் இரண்டு அப்பன்மாரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை தீர்ந்ததும் பஸ்ஸைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் தீர்ந்தது. வாக்கியம் சடையப்பனின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த மனிதரின் முகத்தைப் பார்த்தால் அதை வெளியே தள்ள மனசு வரவில்லை. சங்கடமான நேரத்தில் அவர் கை தானாக வெற்றிலைக்குப் போகும். போயிற்று. புகையிலை தன் தொழில், தொழிலுக்கும் கை நனைப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த இடத்திலேயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, வெற்றிலையைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவி, பாக்கோடு சேர்த்து வாயில் அதக்கினார். பிறகு பக்கத்துத் தட்டிலிருந்து தாராளமாக ஒரு கிள்ளு எடுத்தார்.

ஞானசேகரன் திடுக்கிட்டு நிமிர்ந்தார். 'சார், அது' என்று சொல்ல வாய் எடுத்தார். வந்தவர் மனசு கோணுகிற மாதிரி எதையும் பேசித் தொலைக்கக் கூடாது என்று ஆரோக்கியம்மாள் காலையிலிருந்து ஓதியிருந்தது ஞாபகம் வந்து, எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

சடையப்பன் தேய்த்தார், முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. கன்னத்துக்குள் ஒதுக்கிக் கண்ணை மூடினார். வந்த காரியம், பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியம், அண்ணன், குலதெய்வம் எல்லாம் மறந்துபோயின. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு இலையை அவர் நாக்கு பார்த்ததில்லை. முதலில் ஒன்றுமே தெரியவில்லை, ஏமாற்று வேலையோ என்றுகூட நினைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, காய்ந்த திராட்சையை வெல்லத்தில் போட்டு வைத்தது போல் ஒரு இனிப்பு மெல்ல எழுந்தது. அதற்கும் பின்னால் வைக்கோல் போர் வாசனை. எதுவும் எதையும் அடித்துக்கொண்டு ஓடவில்லை.

"எந்த ஊரு எலைங்க இது?" என்று கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார்.

"சிங்கப்பூர்லேருந்து வந்துது" என்றார் ஞானசேகரன், மெதுவாக. பிறகு அவருக்கும் ஆசை தாங்கவில்லை. கிட்ட நகர்ந்து உட்கார்ந்து, "எப்படி சார் இருக்குது? நானும் ரெண்டு நாளா பாக்குறேன். எனக்கு சப்புன்னுதான் படுது" என்றார்.

அந்த மெல்லிய குரல் திரைச்சீலையைத் தாண்டவில்லை. சடையப்பனுடையது கடைக்குரல். சந்தின் அந்தக் கோடி வரைக்கும் போகும்.

"சப்புன்னா? அப்பிடிச் சொல்லாதீங்க. இது சாதுங்க. சுத்த சாது! மொதல்ல ஒண்ணுமே தெரியாது. கொஞ்சம் பொறுமையா இருந்து பாத்தாதான் உள்ளுக்குள்ள இருக்குற கொணம் தெரியும். சுருக்குன்னு குத்தல, ஆர்ப்பாட்டம் கெடையாது. காரம் கம்மின்னா தரம் கம்மியா? எனக்குப் புடிச்சிருக்குங்க. எங்க ஊட்டுல யாருக்கும் இது ஒத்துக்காம போவாது."

திரைக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம்மாள் விக்கித்து நின்றாள். சம்பந்தி ஆகப் போகிறவர் மனிதர்களுக்குப் புகையிலைப் பெயர் வைக்கிறவர், அதில் சாது என்றால் நல்ல பெயர் என்பதெல்லாம் ஜான்சி சொல்லி அவளுக்கு எப்போதோ தெரியும். "மாதாவே!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜான்சி அவள் கையைப் பிடித்து, "அம்மா, இரும்மா, அவரு சொல்றது..." என்பதற்குள் அம்மா பாதி திரையைத் தாண்டியிருந்தாள்.

வெளியே ஞானசேகரனுக்கு மனசு உறுத்தி, உண்மையைச் சொல்லிவிட்டிருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். இது வாயில போடுற பொகையில இல்ல. பைப்புல வெச்சு இழுக்குறது. வாசனைக்கு ரம்மு தெளிச்சிருப்பான்."

சடையப்பன் மெல்வது நின்றது. சாராய வாடையே ஆகாதவர் அவர். வாய் நிறையச் சாறு. துப்ப இடம் தேடினார். கண்ணாடி மாதிரி மொசைக் தரை, வெள்ளைச் சுவர், ஜன்னலில் கொசு வலை, சுவரில் மாதா படம். நல்ல வீடாக இருப்பதில் இப்படி ஒரு கஷ்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஆரோக்கியம்மாள் எதிரே வந்து கைகூப்பி நின்றாள்.

"அண்ணே, எம் பொண்ண சாதுன்னு சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்த போதும்ணே. புடிச்சிருக்குன்னு ஒங்க வாயாலயே சொல்லிட்டீங்க. எங்க குடும்பமே ஒங்கள மறக்காது."

"ம்ம்... ம்ஹும்... ம்ம்!" என்றார் சடையப்பன், சாறு வழியாமல் இருக்க முகத்தை மேலே தூக்கிக்கொண்டு. கையை இடமும் வலமும் ஆட்டினார். நன்றியெல்லாம் எதற்கு என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள் அந்த அம்மாள். பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்ல வாசலுக்கே ஓடிவிட்டாள். ஞானசேகரனுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. புரிந்தும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்ணைப் பெற்ற மனுஷன், பாவம், அவரை என்ன குறை சொல்வது.

சடையப்பன் கையால் கொல்லைப்பக்கம் காட்டிவிட்டு ஒரே ஓட்டமாக ஓடினார். தென்னை மரத்தடியில் எல்லாவற்றையும் துப்பிவிட்டு, மூச்சு வாங்க நிமிர்ந்தபோது, ஒரு பெண் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"மொதல்ல வாயக் கொப்புளிங்க அங்கிள்."

ஜான்சி. கறுத்த, ஒல்லியான பெண். காட்டன் புடவை. அழுத முகம் இல்லை, ஆனால் அழுகையை எங்கேயோ தள்ளி வைத்துவிட்டு வந்த முகம். அவள் ஊற்ற ஊற்ற, அவர் கொப்பளித்தார், கை கழுவினார், முகத்தையும் கழுவிக்கொண்டார். தண்ணீர் நின்றது. அவள் கொல்லைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"அங்கிள், எங்கம்மா தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க பொகையிலையத்தான் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா டப்பா வாசன எனக்குத் தெரியாதா? நீங்க என்ன சொல்ல வந்தீங்கன்னும் தெரியும். காபி வேணாம்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு."

சடையப்பன் கொல்லைக்கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க சங்கடப்பட வேணாம். இந்தப் பக்கமா போனா பஸ் ஸ்டாப். அம்மாகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன். பிரகாஷ்கிட்டயும் நானே பேசிக்கிறேன்." செம்பைக் கீழே வைத்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் அங்கிள். அவர் ஒங்ககூடப் பேசாம இருக்குறது எனக்குப் புடிக்கல. நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன், அப்பாவுக்கு ஒரு போன் பண்ணுங்கன்னு. நீங்களாவது அவர்கிட்ட பேசிடுங்க. என்னால ஒரு ஊட்டுல அப்பாவும் புள்ளையும் மூஞ்சி பாக்காம இருந்தாங்கன்னு இருக்க வேணாம்."

சடையப்பனுக்குத் தன் கடை ஞாபகம் வந்தது. எத்தனை வியாபாரிகளுக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறார். என்றைக்காவது நாக்குப் பிசகி மட்டமான சரக்கை நல்லது என்று சொல்லியிருந்தால், கொண்டுவந்தவன் வாயைத் திறப்பானா? கிடைத்தது லாபம் என்று கட்டை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இந்தப் பெண் சும்மா இருந்திருந்தால் போதும். அவள் அம்மா இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள், சொன்ன சொல்லை மாற்றாத சடையப்பன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டிருப்பார். அவள் உயிராக நினைக்கிற ஒன்று கைக்குள் வந்து விழுந்தது. தன்னுடையது இல்லை என்று திருப்பிக் கொடுக்கிறாள். கொடுத்ததோடு நில்லாமல், உன் பிள்ளையோடு பேசு என்று அவருக்காகவும் பேசுகிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு, ரொம்ப நாளாக இல்லாத ஒரு சந்தோஷமும் வந்தது. இவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினால் தன்னைப்போல முட்டாள் கிடையாது என்று தோன்றியது.

"ஆமாம்மா, பொகையிலையத்தான் சொன்னேன்" என்றார். "ஒன்னைய பாத்து சாதுன்னு எவன் சொல்லுவான்?"

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேணாம்னு சொல்லத்தாம்மா வந்தேன். பஸ்ல வழி பூரா அதையே மனப்பாடம் பண்ணிக்கினு வந்தேன். இப்ப எனக்கே அது புடிக்கல. எங்கண்ணன் தையதக்கான்னு குதிப்பாரு. குதிக்கட்டும், நான் பேசிக்கிறேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது." வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். "ஒன் போன குடு. இல்ல, நீயே போடு. எனக்கு அவன் நம்பரு மனப்பாடமா தெரியாது."

அவள் எண்ணை அழுத்தி அவரிடம் கொடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். ஜான்சியின் நம்பர் என்பதால் ஹலோகூடச் சொல்லவில்லை.

"ஜான்சி? அப்பா வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு, எனக்குத் தெரியும். அழுவாத. அவர் மேல கோவப்படாத, என்னா? எங்கப்பா நல்ல மனுஷன். எனக்காக என்னல்லாம் பண்ணியிருக்காரு தெரியுமா? ஊருக்கு பயப்படுறாரு, அவ்ளோதான். கொஞ்ச நாள் பொறுத்துக்குவோம். ஜான்சி? அழுவுறியா? ஏதாவது பேசு."

பொங்கலுக்குப் பிறகு பிள்ளையின் குரலை அவர் இன்றைக்குத்தான் கேட்கிறார். தன்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தார்.

"அது அழுவலடா" என்றார் சடையப்பன். "நீ கெளம்பி வா. நாள் பாக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவர்தான் அழுதுவிட்டார்.